தோப்பை விற்றுத்தான் ப்ரோ ஆக வேண்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. மகனுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பத்து வயதில் அவன் தாய்மாமன் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து இதே பைத்தியம். இப்போது ஹேண்டிகேப் 1 என்கிறான், எண் குறையக் குறைய நல்ல ஆட்டமாம். ஜூனியர் போட்டிகளில் இரண்டு மூன்று கோப்பை வாங்கியிருக்கிறான். பரீட்சை முடிந்ததும் ப்ரோ, அதாவது பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரன், ஆகிவிடுகிறேன், காலேஜ் வேண்டாம் என்கிறான். ஒரு ஏக்கரை விற்று மூன்று வருஷம் செலவு செய்யலாம் என்கிறார் அவன் அப்பா. எதிர்த்துப் பேசுவது நான் ஒருத்திதான். கோல்ஃப் ஆடிப் பிழைக்க முடியுமா? கிளப்பில் இரண்டு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறான், அதனால் எப்படியும் தன் காலில் நின்றுவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. இடது மணிக்கட்டு ஒரு மாதமாக வலிக்கிறது என்கிறான், ஆனால் பயிற்சியை விட மாட்டேன் என்கிறான்.
— ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். காசு வாங்கிக்கொண்டு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தம்பி இன்றோடு நிறுத்தட்டும். கோல்ஃபில் அமெச்சூர், அதாவது தொழிலாக ஆடாதவர், என்ற தகுதி ஒன்று இருக்கிறது. அதை இழக்க ப்ரோ என்று அறிவிக்கக்கூட வேண்டாம். சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்கினாலே போய்விடும். பள்ளித் திட்டங்கள், முன்அனுமதி பெற்ற பயிற்சிகள் என்று சில விதிவிலக்குகள் உண்டு. கிளப் உறுப்பினர் வீட்டுக் குழந்தைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்து மாதாமாதம் வாங்குவது அதில் சேராது. இதுவரை வாங்கியதை மறைக்கவும் வேண்டாம். மாநிலச் சங்கத்திடம் நேரில் சொல்லி என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இழந்த தகுதியைத் திரும்பப் பெறவும் விதியிலேயே வழி இருக்கிறது. பின்னால் யாராவது புகார் எழுதி, அவன் வாங்கிய கோப்பை கேள்விக்குள்ளாவதுதான் சங்கடம்.

அந்தத் தகுதியை இன்னும் சில வருஷம் காப்பாற்றி வைத்திருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததே. பையன்கள் ப்ரோ ஆவதைப் பதவி உயர்வு மாதிரி நினைக்கிறார்கள். பத்தாவது முடித்தால் பதினொன்றாவது, அமெச்சூர் முடித்தால் ப்ரோ என்று. உண்மையில் அங்கே மாறுவது ஒன்றுதான்: பரிசுப் பணத்தைக் கையில் வாங்கலாம். 2022 ஜனவரியில் அமெச்சூர் விதிகளைத் திருத்தி எழுதியபோது மற்ற தடைகளில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். இன்று அமெச்சூராக இருந்துகொண்டே ஸ்பான்சரிடம் பணம் வாங்கலாம், போட்டிச் செலவுக்கு உதவி பெறலாம், சட்டையில் கம்பெனி பெயர் போட்டுக்கொள்ளலாம். பரிசுக்கு மட்டும் உச்சவரம்பு: ஆயிரம் அமெரிக்க டாலர், அல்லது 700 பவுண்டு. அதிலும் ஒரு வேடிக்கையான விலக்கு, போட்டியில் ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டு அதற்கு ஒரு கார் கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்! ஆக, ஆயிரம் டாலருக்கு மேல் பரிசு வாங்கும் ஆட்டம் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லாதவன் ப்ரோ ஆனால் செலவு மட்டும்தான் கூடும்.

சரி, அந்தப் பரிசுப் பணம் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் 2006ல் ஆரம்பித்த பிஜிடிஐ டூரில், அதாவது ப்ரோக்கள் ஊர் ஊராகப் போய் ஆடும் போட்டித் தொடரில், ஒரு கோடி ரூபாய் போட்டி என்றால் ஜெயித்தவருக்கு 15 லட்சம். பேப்பரில் இந்த எண்தான் வரும், உங்கள் வீட்டுக்காரர் பார்த்திருப்பதும் இதுவாகத்தான் இருக்கும். அந்த வாரம் ஆட வந்தவர்கள் சுமார் 120 பேர். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் கட். முதல் ஐம்பது இடமும், ஐம்பதாவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் மூன்றாம் நாள் ஆடுவார்கள். மற்ற எழுபது பேர் அன்று ராத்திரியே ரயிலைப் பிடிப்பார்கள், ஒரு ரூபாய்கூட இல்லாமல். கட் தாண்டி நாற்பதாவது, ஐம்பதாவது இடத்தில் முடிப்பவருக்குக் கிடைப்பது அந்த வாரச் செலவோடு சரி.

அந்தச் செலவும் லேசுப்பட்டதில்லை. செட்டிபாளையத்தில் டூர் போட்டி எப்போதாவதுதான் நடக்கும். மற்ற வாரங்களில் சண்டிகர், கொல்கத்தா, அகமதாபாத், ஜாம்ஷெட்பூர். அஸ்ஸாமில் டிக்பாய் என்று ஒரு எண்ணெய் ஊர் இருக்கிறது. இந்தியன் ஆயில் நடத்தும் சர்வோ மாஸ்டர்ஸ் போட்டிக்கு அங்கே போக வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து போய்ச் சேரவே ஒரு நாள் போய்விடும். மைதானத்தைப் பார்த்துப் பழக ஒரு நாள், ஆட்டம் நாலு நாள், ஐந்தாறு ராத்திரி ரூம், நுழைவுக் கட்டணம், பை தூக்கும் கேடிக்குக் கூலி, சாப்பாடு. ஒரு வாரக் கணக்கை அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு காகிதத்தில் எழுதட்டும். தம்பி வெளியூர் ஜூனியர் போட்டிக்குப் போனபோது ஆன செலவிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதை இருபது வாரத்தால் பெருக்கி, பயிற்சியாளர் கட்டணம், மட்டை, பந்து, கையுறை எல்லாம் கூட்டினால் ஒரு வருஷக் கணக்கு வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு ஏக்கர் போதுமா என்பது அப்போது தெரியும். பல குடும்பங்களில் இந்தக் காகிதத்தை எழுதியதும் குரல் தானாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் டூர் கார்டு, அதாவது டூரில் ஆடும் உரிமை, கையில் இருப்பவருக்கு. கார்டு வாங்க கியூ ஸ்கூல் என்கிற தகுதிப் போட்டி. ஆண்டுக்கு ஒரு தடவை, பல கட்டமாக, கடைசிக் கட்டம் நாலு ரவுண்ட். நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள், முதல் முப்பது, முப்பத்தைந்து பேருக்குக் கார்டு. அந்த வாரம் காய்ச்சல் வந்தால் ஒரு வருஷம் போச்சு.

இனி ஹேண்டிகேப் 1. பதினேழு வயதுப் பையனுக்கு அது நல்ல ஆட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? 2020லிருந்து உலகம் முழுக்க ஒரே முறை: கடைசி இருபது ரவுண்டில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். மற்ற பன்னிரண்டும் கணக்கில் இல்லை. அதாவது நல்ல நாளில் தம்பி எப்படி ஆடுவான் என்று ஹேண்டிகேப் சொல்கிறது. டூரில் மோசமான நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். பார் என்பது ஒரு குழிக்கோ மைதானத்துக்கோ இத்தனை அடி என்று வகுத்த எண்; நாலு நாளில் அந்தப் பார் கணக்குக்குப் பதினைந்து அடி குறைவாக ஆடுகிறவன் ஜெயிக்கிற இடம் அது. அங்கே வாரா வாரம் கட் தாண்டுகிறவர்களின் ஹேண்டிகேப் பூஜ்யத்துக்கும் அந்தப் பக்கம், ப்ளஸ் மூன்று, ப்ளஸ் நாலு என்று இருக்கும். தம்பிக்கும் அவர்களுக்கும் ரவுண்டுக்கு நாலைந்து அடி வித்தியாசம். கேட்க நாலைந்துதான். நாலு நாளில் அது இருபது.

அதனால் என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் ஹேண்டிகேப்பைக் கேட்பதே இல்லை. கடந்த ஒரு வருஷத்தின் ஸ்கோர் கார்டுகளைக் கொண்டுவரச் சொல்வேன். செட்டிபாளையம் கார்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வெளியூர்க் கார்டுகளை மட்டும் பார்ப்பேன். சொந்த மைதானத்தில் எந்தப் பக்கம் பந்து உருளும், எந்த மரத்தைப் பார்த்து அடிக்கணும் என்று கால்களுக்கே தெரியும். டெல்லி கோல்ஃப் கிளப்பில் இரண்டு பக்கமும் புதர், நடுவில் சந்து மாதிரி ஃபேர்வே என்கிற ஆட்டப் பாதை. தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்தால் பந்து காணாமல் போகும். ஊட்டியில் காற்று மெலிது. இங்கே ஏழாம் நம்பர் ஐயன் மட்டையில் 150 யார்டு போகும் பந்து அங்கே பத்துப் பன்னிரண்டு யார்டு கூடப் போய், குழி இருக்கும் புல்தரையான கிரீனுக்குப் பின்னால் விழும். முதல் நாள் திணறுவது சகஜம், எல்லோரும் திணறுவார்கள். இரண்டாம் நாள் என்ன செய்கிறான் என்பதுதான் எனக்கு வேண்டும். முதல் நாள் 79 அடித்தவன் மறுநாள் 71 அடித்திருந்தால் அந்தப் பையனை நான் உட்கார வைத்துப் பேசுவேன். 70 அடித்துவிட்டு மறுநாள் 80 அடிப்பவனுக்கு இன்னும் காலம் வேண்டும்.

ஒரு பையனின் கார்டு நினைவுக்கு வருகிறது. பதினாறாவது குழியில் தண்ணீரில் போட்டு எட்டு எழுதியிருந்தான். அந்த எட்டு மட்டும் கிறுக்கலாக இருந்தது. பதினேழாவதில் பார், பதினெட்டாவதில் பேர்டி (பாருக்கு ஒரு அடி குறைவு), எழுத்து மறுபடி அச்சு மாதிரி. ஸ்விங்கில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனாலும் அவன் அப்பாவிடம் இன்னும் கொஞ்சம் செலவு செய்யலாம் என்றேன்.

இடையில் வீட்டுக்கு ஒரு வார்த்தை. எட்டு அடி தூரத்திலிருந்து பட், அதாவது குழிக்குள் பந்தை உருட்டும் அடி, தவறினால் ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். அமெரிக்காவின் பிஜிஏ டூரிலேயே எட்டு அடியிலிருந்து பாதிதான் விழுகிறது.

பதினேழு வயதில் ப்ரோ ஆனவர்கள் இல்லையா என்று தம்பி கேட்பான். இருக்கிறார்கள். பெங்களூரு அதிதி அசோக் 2016 ஜனவரி முதல் தேதி ப்ரோ ஆனார், பதினெட்டு நிறையவில்லை. ஆனால் அதற்கு முன்னால் என்ன செய்திருந்தார் என்றும் சொல்லுங்கள். பதின்மூன்று வயதில் அமெச்சூராக ஆடி, இந்தியப் பெண்கள் டூரின் ஒரு போட்டியில் ப்ரோக்களைத் தோற்கடித்தார். 2015ல் பிரிட்டிஷ் அமெச்சூர் ஸ்ட்ரோக் ப்ளே பட்டம். அந்த டிசம்பரில் ஐரோப்பியப் பெண்கள் டூரின் தகுதிப் போட்டியில் முதலிடம். பிறகுதான் ப்ரோ. ப்ரோ ஆன அதே ஆண்டு பெண்கள் இந்தியன் ஓபன் ஜெயித்தார். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம், பதக்கம் போனது ஒரே ஒரு அடியில். அக்‌ஷய் பாட்டியாவையும் சொல்வான், அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பையன். காலேஜே போகாமல் 2019ல் பதினேழு வயதில் ப்ரோ. அதற்குள் அமெரிக்க ஜூனியர் பிஜிஏ பட்டத்தை இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தார். அப்படிப்பட்டவரே ஆரம்பத்தில் கட் மேல் கட்டாகத் தவறவிட்டார். பிஜிஏ டூரில் முதல் வெற்றி 2023ல்தான் வந்தது. இவர்கள் சீக்கிரம் ப்ரோ ஆனதற்குக் காரணம், அமெச்சூரில் ஜெயிக்க இனி எதுவும் மிச்சமில்லை. தம்பிக்கு இன்னும் அகில இந்திய அமெச்சூர் இருக்கிறது, மாநிலத்துக்கு ஆடுவது இருக்கிறது, இந்திய அணி இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. மூன்று வருஷத்தில் தெரிந்துவிடும் என்கிறாரே, இந்தத் தொழிலில் மூன்று வருஷத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஜீவ் மில்கா சிங் 1993ல் ப்ரோ. ஐரோப்பிய டூரில் இடம்பிடித்த முதல் இந்தியர், 1998ல். அந்த டூரில் முதல் பட்டம் 2006ல், சீன ஓபன். பதின்மூன்று வருஷம்! நடுவில் மணிக்கட்டுக் காயம், பல வருஷம் எங்கேயும் வெற்றி இல்லை. பிறகு அந்த ஒரே வருஷத்தில் நாலு பட்டம். அர்ஜுன் அத்வால் கதை இன்னும் விசித்திரம். தோள் காயத்தால் ஆட்டம் கெட்டு, 2010ல் பிஜிஏ டூர் கார்டே பறிபோனது. வின்டம் சாம்பியன்ஷிப்புக்குத் திங்கட்கிழமை நடந்த தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து, ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வாங்கினார். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர் அவர்தான். இப்படி ஒரு வாரத்துக்காகப் பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை சோறு போடும் வழி ஒன்று இருந்தாக வேண்டும். நிலம் விற்ற பணம் அத்தனை நாள் தாங்காது.

நிலத்தை விற்றால் இன்னொரு கெடுதல், அது நேராகப் பையன் கையில் இறங்குகிறது. கட் தாண்ட ஒரு அடி மிச்சம் பிடிக்க வேண்டும், கடைசிக் குழி, ஐந்து அடி தூரத்திலிருந்து பட். அந்த நேரம் தோப்பு ஞாபகம் வந்தால் பந்து எங்கே போகும்? இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, டூரில் ஆடிய நாளில் இப்படி நின்ற பையன்களைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே நிலத்தைத் தொடாதீர்கள். தோப்பு வருமானத்தில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். அதற்குள் எத்தனை போட்டி ஆடலாம் என்று தம்பியே தேர்ந்தெடுக்கட்டும். எந்த வாரம் ஆடுவது, எந்த வாரம் வீட்டில் இருப்பது என்று முடிவெடுப்பதும் இந்தத் தொழிலில் ஒரு திறமைதான்.

பணம் இருந்தால்தான் கோல்ஃப் என்றும் இல்லை. 1991லும் 1993லும் இந்தியன் ஓபன் ஜெயித்த அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 2009ல் ஜெயித்த முனியப்பா பெங்களூரு கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷனில் பை தூக்கியவர். விற்க அவர்களிடம் ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு இருந்தது மைதானத்தோடு பழக்கம், காலையிலிருந்து சாயங்காலம் வரை. அந்தப் பழக்கம் தம்பிக்கு வேண்டுமென்றால் செட்டிபாளையத்துக்கோ சென்னை நந்தனத்துக்கோ டூர் போட்டி வரும்போது ஒரு வாரம் ப்ரோ யாருக்காவது கேடியாகப் போகட்டும். முதல் நாள் ஆறு மணிக்குப் பயிற்சி ரேஞ்சில் யார் யார் நிற்கிறார்கள், கட் தவறியவன் அன்று சாயங்காலம் என்ன செய்கிறான், நாற்பது வயதுக்காரர் ஏன் பார் மூன்று குழியில் கொடியைப் பார்க்காமல் கிரீன் நடுவைப் பார்த்து அடிக்கிறார் என்பதெல்லாம் பையைத் தோளில் போட்டால்தான் தெரியும். அடுத்த தடவை அதே போட்டியில் அமெச்சூராக ஆட இடம் கேட்டு எழுதுங்கள். உள்ளூர் அமெச்சூர்களுக்குச் சில இடம் கொடுப்பது வழக்கம். கட் தாண்டுகிறானா என்று பார்த்துவிடலாம், தகுதியும் போகாது, பெரிய செலவும் இல்லை.

காலேஜ் விஷயம். ஜீவ் அமெரிக்காவில் அபிலீன் கிறிஸ்டியன் என்ற பல்கலைக்கழகத்தில் ஆடிப் படித்தவர், 1993ல் அங்கே கல்லூரி விளையாட்டின் இரண்டாம் பிரிவில் தனிநபர் சாம்பியன். அமெரிக்கக் கல்லூரி அணி என்றால் மைதானம், பயிற்சியாளர், போட்டிப் பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, கூடவே ஒரு பட்டம். முன்பு முதல் பிரிவில் ஆண்கள் அணிக்கு மொத்தமே நாலரை உதவித்தொகைதான், அதை எட்டுப் பேர் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். 2025-26லிருந்து பல பெரிய பல்கலைக்கழகங்களில் அந்த வரம்பு போய், அணிக்கு ஒன்பது பேர் என்று வந்திருக்கிறது. ஒன்பது இடத்துக்கு உலகமே போட்டி போடும், ஆகவே இன்றைய ஆட்டத்தில் தம்பி இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளுக்கு எழுதுவது நடைமுறைக்கு ஒத்து வரும். இந்த வருஷம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம். முழு உதவித்தொகை எல்லோருக்கும் வராது, மிச்சத்தைக் கட்டக் கடன் வாங்க வேண்டியிருந்தால் போக வேண்டாம். கோவையிலேயே பி.காம் சேரட்டும். விளையாட்டுக்கு வருகைப் பதிவில் சலுகை தரும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள், அதை முதல்வரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் வகுப்பு, மதியம் மைதானம். இருபத்தொரு வயதில் கையில் பட்டம், நாலு வருஷ அமெச்சூர் ஸ்கோர், அப்போது கியூ ஸ்கூல் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பிழைக்க முடியுமா என்று நேராகக் கேட்டீர்கள். பரிசுப் பணத்தில் மட்டும் வசதியாக வாழ்பவர்கள் இந்தியாவில் கொஞ்சம் பேர். கோல்ஃபில் வாழ்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான ப்ரோக்கள் பாதி நாள் ஆடி, பாதி நாள் சொல்லிக்கொடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா பயிற்சியாளர்களுக்குப் படிப்படியாகச் சான்றிதழ் தருகிறது. ப்ரோ ஆன பிறகு அதை முடித்து வைத்துக்கொண்டால் காயம் பட்டு ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் வருமானம் நிற்காது. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை தம்பிக்கு இப்போதே இருக்கிறது போல. நல்ல விஷயம், காசு மட்டும் பிறகு வாங்கட்டும்.

மணிக்கட்டைக் கடைசியில் வைத்தேன், ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை அது. வலது கை ஆட்டக்காரருக்கு இடது மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கம் வலித்தால், உள்ளங்கை அடியில் இருக்கும் ஒரு சின்ன எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். மட்டையின் பிடி முனை அடிக்கொரு தரம் இடிக்கிற இடம் அது. சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. அதனால் விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் போய், கோல்ஃப் ஆடுகிறவன் என்று சொல்லி, எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவரே ஸ்கேன் எழுதுவார். வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம், அப்படியானால் சீக்கிரம் தீரும். அதுவரை ரேஞ்சில் பாய் மேல் வைத்து அடிப்பது வேண்டாம், அடியில் சிமெண்ட் தரை, ஒவ்வொரு அடியும் மணிக்கட்டில்தான் வந்து இறங்கும். பட்டிங் பழகலாம், வலிக்காவிட்டால்.